பக்கத்து மேசைக் காது: ஹாங் சாங்-சூவின் 'கிராஸ்'

ஒரு காபிக் கடை, அதில் நான்கைந்து மேசை, மேசைக்கு இரண்டு பேர். இப்படித் தொடங்கும் படங்களில் அடுத்து என்ன வரும் என்பது எனக்கு மனப்பாடம். இந்த மேசைக்காரியின் கணவன் அந்த மேசைக்காரனுக்கு அண்ணனாக இருப்பான். மூன்றாவது மேசையில் அழுதுகொண்டிருப்பவள் ஓட்டிய கார்தான் முதல் மேசைக்காரரின் மகனை இடித்திருக்கும். கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லா முடிச்சும் அவிழ்ந்து, எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஓர் உறவாகி, பின்னணியில் வயலின் அழும். தென்கொரிய இயக்குநர் ஹாங் சாங்-சூவின் 'கிராஸ்' (Grass, அதாவது புல்) அந்த வேலையே வேண்டாம் என்கிறது. அதில் ஒரு மேசைக்காரர் அடுத்த மேசைக்காரருக்கு ஒன்றும் ஆகமாட்டார். அவர்களையெல்லாம் சேர்ப்பது ஒரே ஒரு காது. மூலையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் காது.

2018 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் முதன்முதலாகக் காட்டப்பட்ட படம். கறுப்பு வெள்ளை. நீளம் வெறும் 66 நிமிடம். நம் ஊர்ப் படங்களில் இடைவேளைக்கு முன்பே இதைவிட அதிக நேரம் ஓடிவிடும். கதை நடப்பது சியோல் நகரத்துச் சந்து ஒன்றில், ஒரு சிறிய காபிக் கடையிலும் அதைச் சுற்றியும். மூலையில் இருக்கும் பெண்ணின் பெயர் அரூம். நடித்திருப்பவர் கிம் மின்-ஹீ. இதே இயக்குநரின் வேறொரு படத்துக்காக 2017இல் பெர்லினில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருது பெற்றவர்.

நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். பிறர் பேசுவதைக் கேட்டு எழுதியே சம்பளம் வாங்கியவள். ஆகவே இந்தப் படத்தைச் சினிமா ரசிகையாகப் பார்த்தேனா, பழைய தொழில்காரியாகப் பார்த்தேனா என்று பிரித்துச் சொல்வது கடினம். இந்த விமர்சனத்தில் நீதிமன்ற வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மேசையில் ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும். பேச்சு எங்கெங்கோ சுற்றுகிறது. நலம் விசாரிப்பு, பயணம், இன்னபிற. இருவரும் ஒரு காலத்தில் நெருங்கிப் பழகியவர்கள், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது. சட்டென்று அந்தப் பெண், இருவருக்கும் தெரிந்த ஒரு தோழியின் பெயரை எடுக்கிறாள். அந்தத் தோழி தற்கொலை செய்துகொண்டவள். அவள் சாவுக்கு நீதான் காரணம் என்கிறாள். ஆன் ஜே-ஹோங்கும் கோங் மின்-ஜங்கும் நடித்திருக்கும் இந்தக் காட்சியில் எனக்குப் பிடித்தது அந்தக் குற்றச்சாட்டு வந்து விழும் இடம். அதற்கு முன்னறிவிப்பே கிடையாது. கேமரா நெருங்கிப் பயமுறுத்தவில்லை, இசை எச்சரிக்கவில்லை. காபி ஆறிக்கொண்டிருக்கும்போது பேச்சோடு பேச்சாக வருகிறது. குறுக்கு விசாரணை முடிந்து, வக்கீல் கறுப்பு அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காரப் போகும் நேரத்தில்தான் சில சாட்சிகளின் வாயிலிருந்து உண்மையான வாக்கியம் வரும். தட்டச்சு இயந்திரத்திலிருந்து தாளை உருவக் கை போயிருக்கும், மறுபடியும் உள்ளே தள்ள வேண்டியிருக்கும். அதை எழுதிப் பழகியவளுக்கு இந்தக் காட்சி பொய்யாகத் தோன்றவே இல்லை.

இவர்கள் பேசுவதை அரூம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்கிறாள். நடுநடுவே அவளுடைய மனக்குரல் நமக்குக் கேட்கிறது. அவர்களைப் பற்றி ஊகிக்கிறாள், எடை போடுகிறாள், சில சமயம் இரக்கப்படுகிறாள், பல சமயம் எரிச்சல்படுகிறாள். நீங்கள் எழுத்தாளரா என்று யாராவது கேட்டால் மட்டும் இல்லை என்று நழுவிவிடுகிறாள்.

அடுத்த மேசையில் ஒரு முதிய நடிகர். கி ஜூ-போங் நடித்திருக்கிறார். எதிரே அவருக்குப் பழக்கமான ஒரு பெண்மணி, சியோ யங்-ஹ்வா. நடிகருக்கு வாழ்க்கை சரிந்துவிட்டது. தற்கொலைக்கு முயன்று பிழைத்திருக்கிறார். போக இடமில்லை. உங்கள் வீட்டில் காலியாக இருக்கும் அறையில் நான் தங்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். அந்தப் பெண்மணி மறுக்கிறார். அவ்வளவுதான் காட்சி. ஆனால் கேட்பதும் மறுப்பதும் குரல் உயராமல் எத்தனை தடவை இடம் மாறுகின்றன என்று பாருங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனியில் மறுக்கிறார், பேச்சை வேறு எங்கோ திருப்புகிறார், நடிகர் அந்தத் திருப்பத்தின் வழியாகவே சுற்றிவந்து மறுபடி அறையிடம் வந்து நிற்கிறார். வெட்கத்தை விட்டுவிட்ட பிறகும் மரியாதையை விடாத மனிதரை இவ்வளவு நுட்பமாக நடித்து நான் பார்த்ததில்லை. பிச்சை கேட்கிறவரைவிடக் கூடுதல் சங்கடத்தோடு உட்கார்ந்திருக்கிறார் மறுக்கிறவர். வீட்டுக்கு வந்து பணம் கேட்ட உறவினரை ஒரு தடவையாவது திருப்பி அனுப்பியவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.

இங்கே கேமரா செய்வதைச் சொல்ல வேண்டும். ஒளிப்பதிவு கிம் ஹ்யுங்-கூ. மேசையின் இருபுறமும் இருவரும் பக்கவாட்டில் தெரிகிற மாதிரி கேமரா நிற்கிறது. வெட்டு இல்லாமல் நெடுநேரம் ஓடுகிறது. திடீரென்று ஒருவர் முகத்தை நோக்கி ஜூம் போகிறது, அல்லது இந்த முகத்திலிருந்து அந்த முகத்துக்கு அப்படியே நகர்கிறது. கல்யாண வீடியோக்காரர் செய்வதுபோல் மறைக்காமல் நடக்கும் ஜூம். நாசூக்கான ஒளிப்பதிவாளர்கள் தொடவே கூசுகிற கருவி அது. ஹாங் அதைக் கூச்சமில்லாமல் படத்துக்குப் படம் பயன்படுத்துகிறார். பலருக்கு இது குறையாகப் படுகிறது. எனக்கு அது காது கூர்மையாகும் கணம். பேச்சு சுவாரசியமாகும்போது நாம் தலையைத் திருப்பாமல் உடம்பை மட்டும் சற்றுச் சாய்ப்போமே, அதைக் கேமரா செய்கிறது.

நம் நீதிமன்றங்களில் சாட்சியத்தைப் பெரும்பாலும் கேள்வி பதிலாக எழுதுவதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276ஆம் பிரிவு, அதை ஒரு தொடர்ச்சியான கூற்றாகப் பதிவதே வழக்கம் என்றது. வக்கீல் கேட்பார், சாட்சி எதையோ சொல்வார், நீதிபதி இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியமாக்கிச் சொல்வார், நாங்கள் தட்டச்சு செய்வோம். 'அன்று இரவு நான் அங்கே இருந்தேன்' என்று தாளில் ஒரே வரி இருக்கும். அந்த ஒரு வரியை வாங்க மூன்று தடவை கேட்க வேண்டியிருந்ததும், சாட்சி நடுவில் தண்ணீர் கேட்டதும், முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்ததும் தாளில் இருக்காது. சாட்சியின் நடத்தையைப் பற்றி நீதிபதி குறிப்பெழுதலாம் என்று 280ஆம் பிரிவு தனியாக இடம் வைத்திருந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. ஹாங்கின் படம் முழுக்க அந்த 280ஆம் பிரிவுதான். யார் என்ன சொன்னார் என்பதைவிட, சொல்வதற்கு முன் கோப்பையை எத்தனை தடவை தொட்டார் என்பதுதான் அவருக்குச் செய்தி.

அவர் வேலை செய்யும் முறையும் இதற்கு ஒத்துப்போகிறது. முழுத் திரைக்கதையை முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. அன்றைய காட்சிக்கான வசனத்தை அன்று காலையில் எழுதி நடிகர்களிடம் கொடுக்கிறார், அன்றே படமாக்குகிறார். சிறு குழு, சில நாட்கள், குறைந்த செலவு, சொந்தத் தயாரிப்பு. 1996இல் முதல் படம் எடுத்தவர், 2017இல் மட்டும் மூன்று படங்களை விழாக்களுக்கு அனுப்பியிருக்கிறார். இந்த வேகம் சில படங்களில் அவசரமாகத் தெரியும். 'கிராஸ்' படத்தில் அது சூடாகத் தெரிகிறது. நடிகர்களும் அந்த வசனத்தை இப்போதுதான் கேட்டவர்கள்போல் பேசுகிறார்கள், ஏனென்றால் ஏறக்குறைய அதுதான் நிஜம்.

மூன்றாவது ஜோடி எனக்கு அலுப்புத் தட்டியது. ஜங் ஜின்-யங் நடித்திருக்கும் ஒரு நடிகர், எழுத்தாளராக மாறப் பார்க்கிறார். தோழியான பெண் எழுத்தாளரை, நாம் இருவரும் சேர்ந்து எழுதலாம் வா என்று அழைக்கிறார். அவள் பிடி கொடுக்கவில்லை. பிறகு இதே மனிதர் அரூமிடமே வந்து, உங்களைச் சில நாள் அருகிலிருந்து கவனித்து அதை வைத்து எழுத விரும்புகிறேன் என்கிறார். அவ்வளவு நேரம் ஊரார் பேச்சை அனுமதியில்லாமல் கேட்டு எழுதிக்கொண்டிருந்தவள், தன்னைக் கவனிக்க ஒருவர் அனுமதி கேட்டதும் சுருங்கிக்கொள்கிறாள். நல்ல இடம்தான். ஆனால் ஹாங்கின் படங்களில் வரும் ஆண்கள் ஏன் எல்லோரும் இயக்குநராகவோ நடிகராகவோ எழுத்தாளராகவோ, அதுவும் இல்லாவிட்டால் பேராசிரியராகவோ இருக்கிறார்கள்? ஒரு மின்வாரிய ஊழியர், ஒரு மருந்துக்கடைக்காரர் அந்தச் சந்துக்குள் வருவதே இல்லையா? கலைஞர்களின் மனக்கசப்புக்கு ஓர் அளவு உண்டு.

அந்த ஜோடியில் பெண்ணாக வரும் கிம் சே-ப்யோக்குக்குத் தனியே ஒரு காட்சி இருக்கிறது. ஓரிடத்தில் மாடிப்படியில் இறங்குகிறாள். கீழே வந்ததும் திரும்பி ஏறுகிறாள். மறுபடி இறங்குகிறாள். மறுபடி ஏறுகிறாள். ஒரே ஷாட். வேகம் கூடுகிறது, மூச்சு வாங்குகிறது, முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. ஏன் இப்படிச் செய்கிறாள் என்று படம் சொல்லவில்லை. பேசிப் பேசியே நகரும் படத்தில் பேச்சே இல்லாத இந்த ஒரு துண்டு, மற்ற எல்லா உரையாடலையும்விட எனக்கு நெருக்கமாக இருந்தது. முடிவு எடுக்க முடியாத பிற்பகல்களில் அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடந்து நடந்து, எதற்காக வந்தோம் என்பதே மறந்து, கடைசியில் தனக்குத்தானே சிரித்துக்கொள்கிற பெண்களை எனக்குத் தெரியும். திரையிடலில் எனக்குப் பின்னால் இருந்தவர் இந்த இடத்தில் சலித்துக்கொண்டு செல்பேசியை எடுத்தார். அவருடைய இழப்பு.

படத்தின் உச்சம் கடைக்கு வெளியே, ஓர் உணவகத்தில் இருக்கிறது. அரூமின் தம்பி தன் காதலியை அழைத்து வருகிறான். மூவரும் சாப்பிட உட்காருகிறார்கள். அந்தப் பெண் பணிவாகத்தான் பேசுகிறாள். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்கிறார்கள். அரூம் வெடிக்கிறாள். ஒருவரை ஒருவர் சரியாகத் தெரியாமல் எப்படிக் கல்யாணம் செய்வீர்கள், அது தோற்றுப்போனால் என்ன செய்வீர்கள் என்று தம்பியைப் பிடித்து உலுக்குகிறாள். முதல் சந்திப்பிலேயே, வருங்கால நாத்தனாராக. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

இந்த இடத்தில்தான் படம் தன் கையிலிருந்த சீட்டை மேசையில் வைக்கிறது என்று நினைக்கிறேன். இதுவரை அரூம் மூலையிலிருந்து பிறரைக் கேட்டாள், புத்திசாலித்தனமாக எடைபோட்டாள். அவள் சொன்னதையெல்லாம் நாமும் தலையாட்டி ஏற்றுக்கொண்டோம். தன் சொந்த மேசைக்கு வந்ததும் அவளால் யார் பேச்சையும் கேட்க முடியவில்லை. தம்பி ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறாள். அதுவரை அவள் செய்ததும் அதுதானோ என்று அப்போதுதான் நமக்குத் தோன்றுகிறது. பக்கத்து மேசையில் அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்து, அவர்கள் யார், எதற்கு அழுகிறார்கள் என்று முடிவு கட்டியவள் இவள். கிம் மின்-ஹீ இதை அழகான கோபமாக நடிக்கவில்லை. முகம் சிவந்த, அசட்டுத்தனமான, அக்காக்களுக்கே உரிய கோபமாக நடித்திருக்கிறார். விருது வாங்கித் தந்த அந்தப் படத்தைவிட எனக்கு இதுதான் பெரிய நடிப்பு.

அதே உணவகத்தில் இன்னொரு மேசை. அங்கே ஒரு பெண்ணை ஒரு மனிதர் கேள்வி கேட்டுக் குடைகிறார். ஒரு பேராசிரியரின் சாவுக்கு அவள் பொறுப்பு என்கிறார். லீ யூ-யங் நடித்த அந்தப் பெண்ணின் முகத்தில்தான் பெரும்பாலும் கேமரா நிற்கிறது. ஆக ஒரே நாளில், ஒரே சந்தில், தற்கொலையைப் பற்றி மூன்று பேச்சு. இது தற்செயலாக இருக்க முடியாது என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். இவர்களெல்லாம் அரூம் எழுதும் கதாபாத்திரங்கள், கடையே அவள் மடிக்கணினிக்குள் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். திரையிடல் முடிந்து நடந்த கலந்துரையாடலில் பாதி நேரம் இதிலேயே போயிற்று. அது நிஜமா, கற்பனையா என்ற கேள்வியில் எனக்கு ஆர்வம் இல்லை. கண்ணால் கண்ட சாட்சியும் தான் கண்டதில் பாதியைக் கட்டித்தான் சொல்கிறார். பொய் சொல்ல வேண்டும் என்றல்ல, இடைவெளியைச் சும்மா விட மனித மனத்துக்குத் தெரியாது. அரூம் கேட்டாளா, புனைந்தாளா என்றால் இரண்டும்தான். படமும் அதைத்தாண்டி எதையும் ஒளித்து வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

கடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உரிமையாளர் படம் முழுக்க நம் கண்ணில் படுவதே இல்லை. அவரைப் பற்றி வாடிக்கையாளர்கள் பேசிக்கொள்வார்கள். நல்ல மனிதர், மேற்கத்திய சாஸ்திரிய இசைப் பிரியர் என்பது மட்டும் தெரியும். ஷூபர்ட், வாக்னர், ஆஃபன்பாக், பாஹெல்பெல் என்று அவர் போடும் இசை கடையை நிரப்புகிறது. சில சமயம் பேச்சையே மூழ்கடிக்கிறது. ஒருத்தி தோழியின் சாவைப் பற்றிக் கதறிக்கொண்டிருக்கிறாள், பின்னால் சம்பந்தமே இல்லாத கம்பீரத்தோடு இசைக்குழு முழங்குகிறது. பின்னணி இசை காட்சிக்கு ஒத்தாசை செய்ய வேண்டும் என்ற விதியைப் பழிவாங்குவது மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரித்ததற்குக் கூச்சமாகவும் இருந்தது.

சியோலுக்கு இந்த வகைக் கடை புதிதல்ல. 'தாபாங்' என்று அழைக்கப்பட்ட பழைய காபிக் கடைகளில் இசைத்தட்டுகளை அடுக்கி வைத்து ஐரோப்பிய இசை போடுவார்கள், மாணவர்களும் எழுத்தாளர்களும் ஒரு கோப்பையோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். டேஹங்னோ பகுதியில் 1956இல் தொடங்கிய ஹக்ரிம் தாபாங் இன்னும் இயங்குகிறது. படத்தின் கடை அந்தப் பரம்பரையில் கடைசிப் பேரனாக இருக்கலாம். சந்தில் ஹான்போக் என்ற கொரிய மரபு உடை அணிந்த இளசுகள் படம் எடுத்துக்கொண்டு திரிவதையும் காட்டுகிறார்கள். வாடகைக்கு எடுத்த உடைதான். கியோங்போக்குங் அரண்மனைக்குள் ஹான்போக் அணிந்து வருபவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால் அந்த வாடகைத் தொழில் அங்கே செழித்திருக்கிறது. உள்ளே சாவைப் பற்றிப் பேச்சு, வெளியே பட்டுப் பாவாடையும் செல்பேசிப் படமும். ஹாங் இரண்டையும் அருகருகே வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

கடை வாசலில் ரப்பர் தொட்டிகளில் செடிகள் முளைத்திருக்கின்றன. புகை பிடிக்க வெளியே வருபவர்கள் அவற்றைப் பார்க்கிறார்கள். படத்தின் பெயருக்குக் காரணம் அவைதான் போலிருக்கிறது. இதற்குப் பலர் பக்கம் பக்கமாகத் தத்துவம் எழுதியிருப்பார்கள், நான் எழுதப்போவதில்லை. செடி நன்றாக இருந்தது.

என் பெரிய குறை வேறு. அந்தக் கடையில் யார் காபி போடுகிறார்கள்? யார் கோப்பை கழுவுகிறார்கள்? உரிமையாளரைக் காட்டாமல் விட்டது அழகான யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதோடு சேர்ந்து வேலையும் மறைந்துவிட்டது. காலையிலிருந்து இரவு வரை துயரப்படுவதற்கு மட்டும் ஓர் இடம் இருந்தால், அந்த இடத்தைத் துடைத்துப் பெருக்க ஒருவர் வேண்டும். நீதிமன்றத்திலும் அப்படித்தான். வழக்கு நடப்பது எல்லோர் கண்ணிலும் படும், கட்டுகளைச் சுமந்து வரும் அலுவலக உதவியாளர் யார் கண்ணிலும் படமாட்டார்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கொரியப் படம் இருக்கிறது. கிம் ஜோங்-குவான் இயக்கி 2017இல் கொரியாவில் வெளியான 'தி டேபிள்'. அதுவும் சியோல் சந்து, அதுவும் காபிக் கடை, அதுவும் ஏறக்குறைய எழுபது நிமிடம்தான். ஒரே மேசை, ஒரே நாள், நான்கு உரையாடல். காலை 11 மணிக்குப் பிரபல நடிகையாகிவிட்ட பெண்ணும் அவளுடைய பழைய காதலனும், எஸ்பிரஸோவும் பீரும். பிற்பகல் 2.30க்கு ஒரே ஓர் இரவு பழகிய பிறகு மாதக்கணக்கில் காணாமல் போய்த் திரும்பியிருக்கும் ஒருவனும், அவன்மேல் கோபத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணும், சாக்லேட் மூஸ் கேக்கும். மாலை 5 மணிக்கு ஒரு மணப்பெண்ணும், கூலிக்கு அமர்த்தப்பட்ட பொய்த் தாயும். இரவு 9 மணிக்கு மழையில் ஒரு பழைய காதல். மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை, அதில் வெள்ளைப் பூ. நாள் முழுக்க அது அங்கேயே இருக்கிறது.

அந்த ஐந்து மணிக் காட்சிக்காகவே 'தி டேபிள்' படத்தைப் பார்க்கலாம். ஹன் யே-ரி மணப்பெண். கிம் ஹே-ஓக் தாய் வேடத்துக்கு வந்தவர். இருவரும் வியாபாரம் பேசுவதுபோல் உட்கார்ந்து ஒத்திகை பார்க்கிறார்கள். உங்கள் பெயர் இது, அப்பா இப்படி, நான் சின்ன வயதில் அப்படி. கட்சிக்காரர் சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்து அழைத்து வருவதை மரத்தடியில் நின்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சொல்லிக் கொடுத்த சாட்சியைக் கண்டுபிடிப்பது எளிது, தேதி கேட்டால் மணி மணியாகச் சொல்வார். ஆனால் சில சமயம் சொல்லிக் கொடுத்ததற்கு நடுவே, சாட்சி தன் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு துணுக்கைக் கலந்துவிடுவார். அந்தக் கலப்பு நடக்கும் கணத்தை இந்தப் படம் பிடித்திருக்கிறது. ஒத்திகையின் நடுவில், ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, கூலிக்கு வந்தவரின் குரல் மாறுகிறது. பொய்யாகத் தொடங்கியது அந்த மேசையில் பொய்யாக முடியவில்லை.

அப்படியானால் எது சிறந்த படம்? 'தி டேபிள்' சுத்தமாக மடித்த துணி. ஓரம் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். நான்கு கதையும் ஒரே அளவில் நெகிழ வைக்கும், ஒவ்வொன்றும் சரியான இடத்தில் முடியும். அதனாலேயே எனக்குச் சற்றுச் சந்தேகம். மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காக மனம் திறப்பதில்லை. 'கிராஸ்' அப்படி இல்லை. ஒரு பேச்சு நடுவில் தொடங்கும், ஒன்று நடுவில் நிற்கும், ஒன்று அலுக்க வைக்கும். ஆனால் அதில் கேட்பவள் ஒருத்தி இருக்கிறாள். 'தி டேபிள்' நம்மைக் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளியாக வைத்துக்கொள்கிறது. 'கிராஸ்' நீ ஏன் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று நம்மையே திருப்பிக் கேட்கிறது. அந்த ஒரு காரணத்துக்காக என் ஓட்டு இதற்கு.

மாலையாகிறது. காபிக் கடையில் சோஜு என்ற கொரிய மது பாட்டில்கள் வந்து உட்காருகின்றன. உரிமையாளர் அனுமதித்துவிட்டார் என்கிறார்கள், அவர் இன்னும் கண்ணில் படவில்லை. காலையில் சாவுக்குக் காரணம் நீதான் என்று கத்திக்கொண்ட இளையவர்களும் கோபம் தணிந்து திரும்பியிருக்கிறார்கள். மற்ற மேசைக்காரர்களும் இருக்கிறார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை, ஆனால் ஊற்றிக்கொடுக்கிறார்கள். மூலையில் இருக்கும் அரூமையும் வந்து உட்காரச் சொல்கிறார்கள். முதலில் தயங்குகிறாள். பிறகு போய் உட்காருகிறாள். இதைப் பெரிய மனமாற்றமாகக் காட்டாததற்கு இயக்குநருக்கு என் நன்றி. கதவு திறக்கிறது, ஒருத்தி நாற்காலி மாறுகிறாள். என்ன பேசினாள் என்பதில் படத்துக்கு அக்கறை இல்லை. கடைசிப் பத்து நிமிடம் சற்றே நீர்த்துப்போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடிப்பவர்களைக் குடிக்காதவர்கள் பார்ப்பதில் ஓர் அளவுக்கு மேல் சுவை கிடையாது.

பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். துணை வசனத்தில்தான் பார்க்க வேண்டியிருக்கும். பேச்சு நிற்காமல் ஓடும் படம் என்பதால், வாசிப்பு வேகம் குறைவானவர்கள் முதல் காட்சியிலேயே திணறக்கூடும். அந்தக் காட்சியை இரண்டு முறை பாருங்கள், முதல் முறை எழுத்தை, இரண்டாம் முறை முகங்களை. செல்பேசியில் பார்க்க வேண்டாம், பக்கவாட்டில் இருக்கும் முகங்களின் சிறு அசைவுகள் தொலைந்துவிடும். தற்கொலையைப் பற்றிய பேச்சு தொடர்ந்து வருவதால், வீட்டில் அண்மையில் அப்படி ஓர் இழப்பு நடந்தவர்கள் இப்போதைக்கு இதைத் தவிர்ப்பது நல்லது. ஹாங் சாங்-சூவின் படம் ஒன்றையும் பார்க்காதவர்கள் 'தி டேபிள்' படத்தை முதலில் பார்த்துவிட்டு, ஓரிரு நாள் கழித்து இதற்கு வரலாம். ஒரே மூச்சில் இரண்டையும் பார்த்தால் எந்த மேசையில் யார் அழுதார் என்பது குழம்பிவிடும்.